மூன்று முறை 31ஆம் பக்கத்தில் நின்றுவிட்டேன்: ‘அபிதா’வை எப்படி வாசிப்பது?

நான்காவது இருக்கை
திங்கள், இரவு 10.40

பெரியவர்களும் நண்பர்களும் ஓர் உதவி செய்ய வேண்டும். லா.ச.ரா. (லா.ச. ராமாமிருதம்) எழுதிய ‘அபிதா’ நாவலை மூன்றாவது முறையாகத் தொடங்கி, மூன்றாவது முறையாக 31ஆம் பக்கத்தில் மூடிவைத்திருக்கிறேன். மொத்தமே நூற்றுச் சொச்சம் பக்கம்.

என் வாசிப்பு முழுவதும் மும்பை லோக்கல் ரயிலில்தான். டோம்பிவலியில் ஏறினால் கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். மூவர் உட்காரும் பலகையில் நான்காவது ஆளாக ஒரு பக்கத்து இடுப்பை மட்டும் ஒட்டவைத்து, ஒரு காலை நடைவழியில் ஊன்றி, எதிரே நிற்பவரின் தோள்பைக்கும் என் மூக்குக்கும் நடுவில் கிடைக்கும் ஒரு சாண் இடத்தில் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வேன். இந்த நிலையில்தான் ‘மோக முள்’ளை இரண்டு மாதத்தில் முடித்தேன். தாணேயில் ஏறிய ஒருவர் என் காலை மிதித்தபடியே தாதர் வரை வந்தார். யமுனா என்ன சொல்லப்போகிறாள் என்ற கவலையில் நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

இதில் மட்டும் என்ன ஆகிறது என்று தெரியவில்லை. ஒரு வாக்கியம் வருகிறது, அழகாக இருக்கிறது. அடுத்ததும் அழகு. பத்தாவது வாக்கியத்துக்கு வரும்போது முதல் வாக்கியம் எதைச் சொல்லத் தொடங்கியது என்பது மறந்துவிடுகிறது. நிலையத்துக்கு நிலையம் கூட்டம் ஏறுவதுபோல உவமைகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஒருவரும் இறங்குவதாக இல்லை. காதல் கதை என்று சொல்லித்தான் நண்பர் கொடுத்தார். யாருக்கு யார் மேல் காதல் என்று பிடிபடுவதற்குள் குர்லா வந்துவிடுகிறது.

கவிதைபோல எழுதப்பட்ட காதல் கதையை வாசிக்கத் தனிப் பயிற்சி ஏதாவது வேண்டுமா? இல்லை, எனக்குத்தான் கொடுப்பினை இல்லையா?

முலுண்ட் மேற்கு
திங்கள், இரவு 11.02

விரைவு வண்டியில் ஏறியதுதான் தப்பு. எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியில் ஏறிப் பாருங்கள்.

செம்பூர்க் கிழவர்
செவ்வாய், காலை 6.15

முலுண்ட் தம்பி கேலியாகச் சொன்னதிலேயே பாதி மருந்து இருக்கிறது.

நான் பம்பாய்க்கு வந்தது 1974இல். மாதுங்காவில் ஓர் அறை, ஐந்து பேர். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் அட்டை கிழிந்த ‘அபிதா’ கிடைத்தது. 1970இல் வந்த நூல், நான்கு ஆண்டுகளுக்குள் பம்பாய் நடைபாதை வரை வந்துவிட்டது. அறையில் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். வெளியே மாடிப்படிக்கு மேலே ஒரு குண்டு பல்பு இருந்தது. அதன் கீழே நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். ஓர் இரவுக்கு நான்கு பக்கம் போகும். அதற்கு மேல் கால் வலிக்கும், கொசுவும் விடாது. இப்படி ஒரு மாதம் ஆயிற்று. இன்றைக்கு யோசித்தால், அந்தக் கால்வலி மட்டும் இல்லாவிட்டால் நானும் உங்களைப்போல் 31ஆம் பக்கத்தில் மூச்சுமுட்டித் திரும்பியிருப்பேன்.

லா.ச.ரா. வங்கியில் உத்தியோகம் பார்த்தவர். பகலெல்லாம் பேரேட்டில் காசுக்குக் காசு கணக்குப் பார்த்தவர் வீட்டுக்கு வந்து சொல்லுக்குச் சொல் அதே கணக்கைப் பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். நெருப்பு என்று சொன்னால் வாய் வேக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவரிடம் ஒலி முதலில் வரும், பொருள் பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சேரும். நீங்கள் பொருளைப் பிடிக்க ஓடுகிறீர்கள், அது இன்னும் வீட்டை விட்டே கிளம்பியிருக்காது.

கவித்துவ நடை என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் சரியில்லை. மௌனியின் வாக்கியம் திணறும், இலக்கணமே அங்கங்கே தடுக்கும். அந்தத் திணறல்தான் அவருடைய காதல். புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னது சும்மா இல்லை. கு.ப.ரா. வேறு சாதி. ஒரு பெண் கதவைச் சாத்தினாள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், கதவுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் நம் பாடு. லா.ச.ரா.வோ சொல்லிக்கொண்டே இருப்பார், இன்னும் சொல்லித் தீரவில்லையே என்று அழவும் செய்வார்.

ஒரு நாளைக்கு நான்கு பக்கம். அதற்கு மேல் தொடாதீர்கள்.

வாஷிப் பாலம்
செவ்வாய், பிற்பகல் 1.20

ஐயா, மன்னிக்க வேண்டும். எல்லாரும் எப்படி வாசிப்பது என்றே பேசுகிறீர்கள். எதை வாசிக்கிறோம் என்று யாராவது பேசக் கூடாதா?

நான் 31ஆம் பக்கத்தில் நிற்கவில்லை. முழுவதும் வாசித்தேன், கோபத்தோடு. நடையை ஒரு நிமிடம் உரித்து ஓரமாக வையுங்கள். வயதான அம்பி மனைவி சாவித்ரியை அழைத்துக்கொண்டு சொந்த ஊரான கரடிமலைக்குத் திரும்புகிறார். இளமையில் விட்டுவிட்டுப் போன சகுந்தலை இறந்துவிட்டாள். அவள் மகள் அபிதா தாயை உரித்துவைத்தது போல இருக்கிறாள். அந்தப் பெண்மேல் இவருக்குப் பித்துப் பிடிக்கிறது. இதுதானே கதை? இதே ஆள் என் அலுவலகத்தில் இருந்தால் நான் புகார்க் குழுவுக்கு எழுதிப்போடுவேன். கரடிமலையில் இருந்தால் அது இலக்கியமாகிவிடுமா?

பெண்ணைத் தேவி என்று அழைப்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் சிறிது பயம். தேவிக்குப் பசிக்காது, கால் வலிக்காது, ‘வேண்டாம், தள்ளிப் போங்கள்’ என்று அவள் சொல்லவும் மாட்டாள்.

முலுண்ட் மேற்கு
செவ்வாய், பிற்பகல் 1.34

கதையைச் சொல்லிவிட்டீர்கள். நான்காவது இருக்கைக்காரர் பாவம்.

வாஷிப் பாலம்
செவ்வாய், பிற்பகல் 1.41

முடிவைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இது தெரியாமல்தான் அவர் குர்லா வரை திண்டாடுகிறார்.

தொண்ணூறடிச் சாலை
செவ்வாய், இரவு 9.50

எனக்கு வேறு சங்கடம். நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். தமிழ் இலக்கியம் என்று கல்லூரி நண்பர்கள் கொடுத்த முதல் நான்கைந்து புத்தகங்களில் ‘அபிதா’வும் ஒன்று. கோயில், குருக்கள், அர்ச்சனை, பாதி சமஸ்கிருதம். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் செருப்போடு நின்றதுபோல இருந்தது. நடை புரியாததால் இல்லை, அந்த நடை யாரை நினைத்து எழுதப்பட்டதோ அந்த ஆள் நான் இல்லை என்பதால்.

அதற்காகக் கவிதையாகச் சொல்லப்பட்ட காதல் கதையே எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் கேட்ட முதல் காதல் கதையைச் சொன்னவள் என் பாட்டி, தாத்தா இறந்த அன்றைக்கு. ஒப்பாரி என்றால் வெறும் அழுகை என்று நினைத்திருந்தேன், அப்போது எனக்குப் பதினோரு வயது. அவள் தாத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் முதல் சம்பளத்தில் வாங்கிவந்த ஈயச் சருவத்திலிருந்து தொடங்கினாள். தகரக் கூரையில் ஓட்டை விழுந்த மழைக்காலத்தில் அவர் இரவு முழுவதும் அவள் தலைக்கு மேல் அந்தச் சருவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பாடினாள். அடுத்த மூச்சிலேயே, குடித்துவிட்டு வந்து அதே சருவத்தை அவள்மேல் எறிந்ததையும் பாடினாள். நெற்றியில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டிக்கொண்டே பாடினாள். சுற்றியிருந்த பெண்கள் அதற்கும் சேர்ந்து மாரடித்தார்கள்.

மோனை, எதுகை, திரும்பத் திரும்ப வரும் ஒரே அடி, எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் சருவம் சருவமாகவே இருந்தது. தேவியின் பொற்கலசமாக மாறவில்லை. வாஷித் தோழிக்கு வரும் கோபத்துக்கும் என் சங்கடத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

செம்பூர்க் கிழவர்
செவ்வாய், இரவு 10.30

தம்பி, ஐம்பது வருடமாக இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறேன். அந்தச் சருவத்தைப் போல ஒரு பொருள் இதில் எங்கே இருக்கிறது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். நாளை எழுதுகிறேன்.

மாதுங்கா மல்லி
புதன், மாலை 5.45

மூன்று நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அம்மா சொன்ன ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு 79 வயது. போன வருடம் கண்புரைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு கண் ஆறி மறு கண் செய்து முடியும்வரை புத்தகம் தொடக்கூடாது என்றார்கள். அவளுக்கு அது சாப்பாட்டை நிறுத்தியதுபோல. ஆகவே மாலை காப்பிக்குப் பிறகு நான் வாசிப்பது, அவள் பால்கனி நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து கேட்பது என்று ஏற்பாடு. அலமாரியில் கைக்குக் கிடைத்த மெல்லிய புத்தகம் ‘அபிதா’. மெல்லியதாக இருக்கிறதே, சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் எடுத்தேன்.

முதல் நாள் இரண்டு பக்கம் போனதும் அம்மா கையை உயர்த்தினாள். “மளிகைக் கடைச் சீட்டா வாசிக்கிறாய்?” என்றாள். கண்ணால் ஓடிய பழக்கத்தில் வாயாலும் ஓடியிருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து. அவர் எங்கே வாக்கியத்தை ஒடிக்கிறாரோ அங்கே நானும் நின்றேன். ஒற்றைச் சொல் ஒரு வரியாக நின்றால் அதற்கும் ஒரு மூச்சு விட்டேன். கீழே பூக்கடையில் சரம் எண்ணும் குரல், மேல்மாடியில் யாரோ குழந்தைக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும் குரல், நடுவில் இது. உதட்டுக்கு வந்த பிறகு அந்த நடை கனமாகவே இல்லை. நான்காவது இருக்கைத் தம்பிக்கு இதைத்தான் முதலில் சொல்ல வந்தேன்: வாய்விட்டு வாசியுங்கள்.

நான்காம் நாள். அம்பி நினைவில் மூழ்கி, மூழ்கி, பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறான். எனக்கே குரல் கரகரத்துவிட்டது, நான் அவ்வளவு லயித்துவிட்டேன். அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. “எல்லாம் சரி. பெண்டாட்டி எங்கே?” என்றாள்.

“யார் பெண்டாட்டி?”

“இவன் பெண்டாட்டிதான். கூடத்தானே வந்தாள்? இவ்வளவு நேரமாக இவன் வானத்தையும் மலையையும் பார்த்துப் பேசுகிறானே, அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? சாப்பிட்டாளா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அந்தப் பக்கங்களை அதற்கு முன் இரண்டு முறை வாசித்திருக்கிறேன், பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன். கோடு போட்ட இடத்திலெல்லாம் சகுந்தலை இருந்தாள், அபிதா இருந்தாள், நெருப்பு இருந்தது, மணியோசை இருந்தது. சாவித்ரி இருந்த ஓர் இடத்திலும் நான் கோடு போடவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அது ஒரு விளையாட்டு. அவன் கடைசியாக மனைவி முகத்தைப் பார்த்து எத்தனை பக்கம் ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணுவாள். “அவள் அப்பன் கொடுத்த வாழ்வில் ஏறி வந்து இன்னொருத்தியைத் தேடுகிறான்” என்பாள். ஒரு நாள் சொன்னாள்: “இவ்வளவு அழகாகப் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான். உன் அப்பா நாற்பது வருடத்தில் ஒரு நாளும் என்னிடம் அழகாகப் பேசியதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றால் இல்லை என்பார்.”

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆறு பக்கம் முடிந்து நான் எழுந்தால், “இன்னும் இரண்டு பக்கம் வாசி” என்பாள். விடமாட்டாள்.

வாஷித் தங்கைக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கோபம் நியாயம். ஆனால் நடையை உரித்து ஓரமாக வைக்கச் சொன்னீர்களே, அங்கே மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கதை முழுவதும் அம்பியின் வாயால் வருகிறது. அந்த அழகு முழுவதும் அம்பியுடையது. அதை உரித்துவிட்டால் அவன் எப்படித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான் என்பதும் சேர்ந்து போய்விடும். அவனுடைய வாக்குமூலமே அந்த நடைதான். என் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே குறுக்கு விசாரணை செய்தாள், அவ்வளவுதான்.

வாஷிப் பாலம்
புதன், மாலை 6.30

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி இது: ஆசிரியரும் அப்படித்தான் நினைத்தாரா? அவரே அம்பியோடு சேர்ந்து மயங்கிவிட்டார் என்றால்? குறுக்கு விசாரணை செய்ய எல்லா வாசகருக்கும் ஓர் அம்மா கிடைப்பாளா? எங்காவது அவர் ஓர் அடையாளம் வைத்திருந்தால் காட்டுங்கள்.

ஒற்றெழுத்து
புதன், இரவு 8.10

அடையாளம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மொழியில் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

நான் தமிழிலிருந்து மராத்திக்குச் சின்னச் சின்ன மொழிபெயர்ப்புகள் செய்கிறேன், பெரும்பாலும் விளம்பரத் துண்டுகள், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாள். ஆசைக்காக ‘அபிதா’வில் ஒரு பக்கத்தை மராத்தியில் எழுதி அலுவலகத் தோழி ஒருவருக்குக் காட்டினேன். அவர்கள் மொழியில் இந்த மாதிரி எழுத்துக்குப் பழக்கம் உண்டு, ‘லலித லேகன்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ரசிப்பார் என்று நினைத்தேன். மூன்றே வாக்கியம் வாசித்துவிட்டு நிமிர்ந்து, “யார் இந்த ஆள்? எத்தனை வயது?” என்று கேட்டார்.

தமிழில் இருபது பக்கம் வரை நான் கேட்காத கேள்வி. ஏன் என்று இரவெல்லாம் யோசித்தேன். விடை இலக்கணத்தில் இருந்தது. தமிழில் ‘போகிறேன்’ என்று சொன்னால் சொல்பவர் ஆணா பெண்ணா என்று வினைமுற்று காட்டாது. மராத்தியில் ஆண் ‘ஜாதோ’ என்பான், பெண் ‘ஜாதே’ என்பாள். தமிழில் ‘நான்’ என்று ஒரு குரல் நினைவில் மிதந்துகொண்டே போகலாம், உடம்பே இல்லாமல், மீசையே இல்லாமல். வாசிக்கிற நீங்களும் நானும் எளிதில் அந்த ‘நான்’ ஆகிவிடுகிறோம். போதாக்குறைக்கு லா.ச.ரா. பல இடங்களில் வினையையே விட்டுவிடுவார், பெயர்ச்சொல் மட்டும் வரியில் தனியாக நிற்கும். செயல் இருக்கும், செய்தவன் இருக்கமாட்டான். மராத்தியில் எழுதும்போது நான் அந்த வினைகளை நிரப்பினேன். நிரப்பிய உடனே வாக்கியத்துக்கு வாக்கியம் ஓர் ஆண், நடுவயதைத் தாண்டியவன், எழுந்து நின்றான்.

மொழிபெயர்ப்பு தோற்றது. ஆனால் மாதுங்கா அக்காவின் அம்மா கேட்டதை என் மராத்திய வினைமுற்றுகளும் கேட்டிருக்கின்றன என்று இப்போது தோன்றுகிறது.

முலுண்ட் மேற்கு
புதன், இரவு 8.25

காதல் கதையைத் திறந்தால் உள்ளே நன்னூல் இருக்கிறது.

செம்பூர்க் கிழவர்
வியாழன், காலை 5.50

அடையாளம் கேட்ட குழந்தைக்கு: அட்டையிலேயே இருக்கிறது.

திருவண்ணாமலையில் அம்பாளின் பெயர் உண்ணாமுலையம்மன். வடமொழியில் அபீதகுசாம்பாள். ‘பீத’ என்றால் குடித்தது, ‘அபீத’ என்றால் குடிக்காதது. அந்தப் பெயரிலிருந்து கிள்ளியெடுத்த துண்டுதான் அபிதா. யோசித்துப் பாருங்கள்: ஒருவரும் வாய் வைக்காத தாய். காதலியின் மகள் என்று வரப்போகிறவளுக்கு அந்தத் தாயின் பெயர், அதிலும் ‘இல்லை’ என்பதை மட்டும் வெட்டியெடுத்து வைத்திருக்கிறார். அம்பி அந்தப் பெயரை உருப்போட்டு உருப்போட்டு உருகுகிறான். ஒவ்வொரு முறை உருகும்போதும் அவன் வாயாலேயே அந்த ‘இல்லை’யும் வருகிறது. முந்தாநாள் தாராவித் தம்பி சொன்ன சருவத்தைத் தேடப்போய் எனக்குக் கிடைத்தது இதுதான். சருவம் அளவுக்குக் கெட்டியான பொருளா என்றால், இல்லை. பெயர்தான். ஆனால் ஆசிரியர் முழுவதும் மயங்கிவிடவில்லை என்பதற்கு எனக்கு இது போதும்.

இன்னொன்று. நம் பழைய ஆட்களுக்கு இந்தக் கதை புதியதே இல்லை. அன்பின் ஐந்திணைக்கு வெளியே பெருந்திணை என்று ஒன்றைத் தொல்காப்பியம் வைத்திருக்கிறது, பொருந்தாக் காமம். அதற்குச் சொல்லும் நான்கு அடையாளங்களில் மடலேறுவது, அதாவது காதல் கைகூடாதவன் பனைமடல் குதிரையில் ஏறி ஊரறிய வருவது, ஒன்று, ‘இளமை தீர் திறம்’ ஒன்று. வயது ஒவ்வாத காமம் என்று உரைகாரர்கள் விரிப்பார்கள். அதை அசிங்கம் என்று சொல்லித் தூக்கி எறியவும் இல்லை, குறிஞ்சிக்கும் முல்லைக்கும் பக்கத்தில் உட்காரவைக்கவும் இல்லை. தனி இடம் போட்டார்கள்.

அளவும் பார்த்தார்கள். குறுந்தொகைப் பாட்டு நான்கடியில் தொடங்கி எட்டடிக்குள் முடிந்துவிடும். ஒரு பெருமூச்சுக்கு அவ்வளவுதான் ஆயுள். அதே பெருமூச்சை நூறு பக்கம் விட்டால் விடுகிறவனுக்கு என்ன ஆகும்? ‘அபிதா’வை நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன். அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது, தலைவன், தலைவி, தோழி, அவ்வளவே. பெயர் சொல்லக்கூடாது என்பதே விதி. இங்கே அம்பி ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான்.

அம்பி என் வயதுக்காரனாக இருந்தபோது... இல்லை, நான் அவன் வயதைத் தாண்டி இருபது வருடம் ஆகிவிட்டது. 1974இல் அந்தக் குண்டு பல்பின் கீழே நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு சாவித்ரி என்று ஒருத்தி இருந்தது நினைவிலேயே இல்லை.

வாஷிப் பாலம்
வியாழன், காலை 9.15

பெயருக்கு நன்றி, ஐயா. அது தெரியாமல்தான் வாசித்தேன். இன்னும் எனக்கு அம்பியைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று நீங்கள் யாரும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

ஒரு சந்தேகம். சாவித்ரி வாயால் யாராவது இதை எழுதினால் கவிதை நடையில் எழுதுவார்களா?

தொண்ணூறடிச் சாலை
வியாழன், காலை 9.40

என் பாட்டி எழுதியிருந்தால் எழுதியிருப்பாள். சருவத்தையும் விட்டிருக்க மாட்டாள்.

ஐயா, பெயர் விஷயம் நன்றாக இருந்தது. ஆனால் அது தெரிய எனக்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள். பாட்டியின் பாட்டுக்கு உரைகாரர் தேவைப்படவில்லை. சண்டைக்காகச் சொல்லவில்லை, மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம் என்றுதான் இருக்கிறேன். இம்முறை செருப்போடுதான்.

செம்பூர்க் கிழவர்
வியாழன், காலை 10.05

தாராளமாக. என் பிரதியைத் தருகிறேன். அட்டை இல்லை, முதல் நான்கு பக்கமும் கரையான் தின்றது. ஞாயிற்றுக்கிழமை சயான் பக்கம் வருவேன்.

மாதுங்கா மல்லி
வியாழன், இரவு 7.20

அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மராத்தி வினைமுற்று விஷயத்தில் அவளுக்கு மிகவும் திருப்தி. பெருந்திணைக்கு, “அதற்கெல்லாம் திணை வேறு பிரித்தார்களா?” என்று கேட்டாள். வாஷித் தங்கையை ஒரு நாள் காப்பிக்கு அழைத்துவரச் சொல்கிறாள். முலுண்ட் தம்பி வேண்டாமாம், அதிகம் பேசுகிறாராம்.

நான்காவது இருக்கை
அடுத்த புதன், இரவு 9.30

கேள்வியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். வியாழக்கிழமையிலிருந்து எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டிக்கு மாறிவிட்டேன். இருபது நிமிடம் கூடுதல், வீட்டில் திட்டு. ஆனால் சன்னல் ஓரம் கிடைக்கிறது.

வாய்விட்டு வாசிக்கச் சொன்னீர்கள். ரயிலில் எப்படி வாய்விட்டு வாசிப்பது? உதடு அசையும் அளவுக்கு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தேன். அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். ஒரு நிலையத்துக்கு ஒரு பக்கம் என்று கணக்கு. விக்ரோலியில் ஒரு வாக்கியம் என்னை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டது. மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்துக்கு வந்ததும் மாதுங்கா அம்மாவின் ஞாபகம் வந்தது. சாவித்ரி எங்கே என்று இரண்டு பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்தேன்.

எதிர் இருக்கையில் ஒரு மராத்தியப் பெரியவர். வெள்ளைத் தொப்பி, மடியில் சாப்பாட்டுப் பை. தாணேயிலிருந்தே என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குர்லாவில் எழுந்தவர் குனிந்து, எந்தச் சுவாமியின் ஸ்தோத்திரம் என்று இந்தியில் கேட்டார். தினமும் பாராயணம் செய்பவர் போலிருக்கிறது. காதல் கதை என்று சொல்ல வாய் வரவில்லை. திருவண்ணாமலை அம்பாள் பெயர் என்று சொன்னேன், அது பொய்யில்லையே. அவர் புத்தகத்தின் அட்டையை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

வாஷிப் பாலம்
புதன், இரவு 9.37

அவரையும் ஏமாற்றிவிட்டான் அம்பி!

முலுண்ட் மேற்கு
புதன், இரவு 9.41

அதெல்லாம் இருக்கட்டும். எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

நான்காவது இருக்கை
புதன், இரவு 9.44

42.